முழங்கை மூட்டு மாற்றும் குழாய்த் தண்ணீரும்

(தில்லியில் தமிழ் மாணவர்களும் மத்திய அரசு அலுவலர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய உரை)



பொருளாதாரம் படித்த ஒருவன் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடும் புள்ளி விவரங்களோடும் காலம் கழித்தவன். ஆயினும் ஒரு பெண்மணியின் வலது முழங்கையை ஏழெட்டு ஆண்டுகளாக அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு நேர்ந்தது. வளர்ச்சி என்று நாம் எழுதிக் கொண்டிருப்பது எதைக் குறிக்கிறது என்பதை என் பாட நூல்களைக் காட்டிலும் அந்த முழங்கை தெளிவாகக் கற்பித்தது. எனவே அதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

அவர் மதராசி கேம்ப்பில் குடியிருந்தவர். தென்கிழக்குத் தில்லியில், ஜங்புராவை ஒட்டி, நிஜாமுதீன் இரயில் நிலையத்துக்கு அருகே, பாராபுல்லா வடிகாலின் கரையில் அந்தக் குடியிருப்பு இருந்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. ஆண்கள் பலவிதக் கூலி வேலைகளுக்குப் போவார்கள். பெண்களிற் பெரும்பாலோர் சுற்றுப்புற வீடுகளில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, தரை துடைத்து வந்தார்கள். பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தார்கள். உங்களில் சிலருக்கு அவர்கள் வகுப்புத் தோழர்களாகவும் இருந்திருக்கக் கூடும்.

அந்த அம்மையார் எங்கள் வீட்டையும் சேர்த்து நான்கு வீடுகளில் வேலை பார்த்து வந்தார். 2018ஆம் ஆண்டில் ஒரு நாள், அவர் சாப்பிடும் விதத்தைக் கண்டு என் மனைவி என்னிடம் சொன்னாள். கை வாயை நோக்கி வருவதற்குப் பதிலாக அவர் தலை தட்டை நோக்கிக் குனிந்தது. விசாரித்தபோது, “சோத்த எடுத்தா வாய்க்கு எட்ட மாட்டேங்குதுங்க, ஐயா” என்றார். தலை வாரிக் கொள்வதையும் பொட்டு வைப்பதையும் இடக்கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விரல்களிலும் மணிக்கட்டிலும் வலி தொடங்கி ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதுவரை அவர் செய்துகொண்ட சிகிச்சை, கடையில் பெயர் தெரியாமல் வாங்கிய வெள்ளை மாத்திரை. ஒரு நாள் கூலி இழக்காமல் மறுநாள் வேலைக்குப் போக அந்த மாத்திரை உதவியது. மூட்டுகள் அரித்துக்கொண்டிருந்ததை அது தடுக்கவில்லை.

நோயின் பெயர் முடக்குவாதம். வயது முதிர்வதால் வரும் மூட்டுத் தேய்மானத்தோடு இதைக் குழப்பிக் கொள்ளலாகாது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் வழி தவறித் தன் மூட்டுகளையே பகையாகக் கருதித் தாக்குவதால் வருவது இது. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் பின்னர் எலும்பையும் அரிக்கிறது. பெண்களை ஆண்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றுகிறது. அதுவும் உழைக்கும் வயதில். பெரும்பாலும் சிறு மூட்டுகளில் தொடங்கி, முழங்கைக்குப் பின்னரே வந்து சேர்கிறது. நம் நாட்டில் இதன் அளவைக் கணக்கிட முயன்ற முன்னோடி ஆய்வுகளில் ஒன்று தில்லிக்கு அருகிலேயே நடந்தது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஏ.என். மாளவியாவும் அவருடைய குழுவினரும் கிராமப்புறத்தில் 44,551 வயது வந்தோரை ஆராய்ந்து, 0.75 சதவிகிதத்தினருக்கு இந்நோய் இருப்பதாக 1993இல் வெளியிட்டார்கள். முக்கால் சதவிகிதம் என்றால் சிறிய எண்ணாகத் தோன்றும். நம் மக்கள் தொகையோடு பெருக்கிப் பார்த்தால் பல இலட்சம் குடும்பங்கள்.

இந்நோய்க்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் அவற்றுள் தலையாயது. விலை மலிவானது, அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளது. (வாரம் ஒரு முறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாள்தோறும் விழுங்கி உயிருக்கே ஆபத்து வரவழைத்துக் கொண்டவர்கள் உண்டு. மருத்துவர் மேற்பார்வையும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் இதைத் தொடலாகாது.) நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் இத்தகைய மருந்துகளை ஆரம்பித்தால் பெரும்பாலோருக்கு மூட்டுச் சிதைவைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ முடியும். மேலை நாடுகளில் முடக்குவாதத்துக்காகச் செய்யப்படும் முழங்கை மாற்று அறுவைகள் குறைந்து, எலும்பு முறிவுக்காகச் செய்யப்படுபவை பெருகியிருப்பதற்கு இந்த மருந்துகளே முக்கியக் காரணம். அறுவை வரை போக வேண்டிய நிலை என்பதே, நம் நாட்டில் பெரும்பாலும், ஆரம்பச் சிகிச்சை கிட்டாமற் போனதற்கு அடையாளம். அந்த அம்மையாருக்கு 2019இல் மருந்து தொடங்கப்பட்டது. வீக்கம் தணிந்தது. ஆனால் அரித்துப் போன எலும்பு மருந்தால் வளர்வதில்லை. வலது முழங்கை பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டது, அசைத்தால் வலித்தது.

முழங்கையின் வேலை என்ன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தோள் கையைத் திசைக்குத் திருப்புகிறது, விரல்கள் பற்றுகின்றன. இடையில் கையின் தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பது முழங்கை. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் பெர்னார்ட் மோரேயும் அவர் சகாக்களும் 1981இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 33 பேரை 15 அன்றாடச் செயல்களைச் செய்யச் சொல்லிக் கோணங்களை அளந்தார்கள். 30 பாகையிலிருந்து 130 பாகை வரை மடக்க முடிந்தால் பெரும்பாலான காரியங்களுக்குப் போதும் என்று கண்டார்கள். உலகெங்கும் எலும்பு மருத்துவர்கள் இன்றும் இந்த 100 பாகையையே இலக்காகக் கொள்கிறார்கள். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. தொலைபேசியைக் காதில் வைப்பது, செய்தித்தாள் படிப்பது, கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்பது எல்லாம் அதில் உண்டு. போர்வையைத் துவைத்துப் பிழிவது இல்லை. வாளியைத் தூக்குவதும் இல்லை. ஆராய்ந்தவர்கள் மீது குற்றமில்லை; அவர்கள் தங்கள் ஊர் வாழ்க்கையை அளந்தார்கள்.

செயற்கை மூட்டின் வரலாற்றைச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் தோல்விகளிலிருந்து கற்ற வரலாறு அது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962இல் இடுப்பு மூட்டுக்கு உலோகமும் பாலி எதிலீனும் எலும்புச் சிமெண்டும் சேர்ந்த அமைப்பை நிலைநாட்டினார். அந்த வெற்றியைக் கண்டு முழங்கைக்கும் முயன்றார்கள். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோஜர் டீ முதலியோர் பொருத்திய மூட்டுகள் கதவுக் கீல் போன்றவை. முன்னும் பின்னும் மட்டுமே அசையும், பக்கவாட்டில் சிறிதும் இடங்கொடுக்காது. மனித முழங்கையோ அப்படிப்பட்ட வெறும் கீல் அன்று. மடங்கும்போதே சற்று விலகவும் திருகவும் செய்கிறது. செயற்கைக் கீல் அந்தத் திருகலை வாங்கிக்கொள்ள மறுத்ததால், விசை முழுவதும் எலும்புக்கும் சிமெண்டுக்கும் இடையிலுள்ள பிடிப்பின் மீது விழுந்தது. சில ஆண்டுகளிலேயே பல மூட்டுகள் தளர்ந்து ஆடத் தொடங்கின.

வட கரோலினாவைச் சேர்ந்த ரால்ப் கூன்ராட் அமைத்த மூட்டை மோரே 1970களின் இறுதியில் திருத்தினார். கீலில் சில பாகை அளவுக்குப் பக்கவாட்டுத் தளர்ச்சியை வேண்டுமென்றே வைத்தார். அந்தச் சிறு தளர்ச்சி மூட்டின் ஆயுளை நீட்டியது. இதே காலத்தில் ஸ்காட்லாந்தில் வில்லியம் சௌட்டரும் ஜப்பானில் ஹிரோஷி கூடோவும் கீல் இல்லாமலே இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வகைகளை உருவாக்கினார்கள். தசைநார்கள் நன்றாக இருந்தால் அவை போதும். முடக்குவாதம் தசைநாரையும் கெடுத்துவிட்டிருந்தால் இணைக்கப்பட்ட வகையே நிலைக்கும்.

அறுவையின் முறையையும் சுருங்கக் கூறுகிறேன். முழங்கையின் பின்புறம் கீறித் திறக்கிறார்கள். முதலில் சுண்டு விரலுக்குப் போகும் அல்னர் நரம்பைத் தேடிப் பிடித்துக் காப்பாற்ற வேண்டும். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் போலப் பாய்வது இந்த நரம்பே. பின்பு சிதைந்த எலும்பு முனைகளை வெட்டிச் செதுக்கி, மேற்கை எலும்பின் குழலுக்குள் ஒரு தண்டும், முன்கையின் அல்னா எலும்புக்குள் மற்றொரு தண்டும் சிமெண்டு கொண்டு பதித்து, இரண்டையும் ஓர் அச்சாணியால் இணைக்கிறார்கள். உலோகத்தோடு உலோகம் உராயாதிருக்க நடுவில் பாலி எதிலீன் வளையங்கள் இருக்கின்றன. வெற்றி பெற்றால் வலி ஏறக்குறைய நீங்குகிறது. கை மீண்டும் வாய்க்கு எட்டுகிறது. தொல்லைகளும் உண்டு. முழங்கையின் மீது சதைப் பிடிப்பு குறைவு. தோலுக்கு அடியிலேயே எலும்பு. ஆகவே இடுப்பு, முழங்கால் மாற்றுகளைக் காட்டிலும் கிருமித் தொற்று அதிகம். நரம்பு மரத்துப் போவதும், கையை நீட்டும் தசை பலவீனப்படுவதும், வளையம் தேய்வதும், தண்டு தளர்வதும் நேரக் கூடியவை.

கில், மோரே ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, முடக்குவாத நோயாளிகளுக்குப் பொருத்திய கூன்ராட்-மோரே மூட்டுகளில் 92.4 சதவிகிதம் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் மாற்றப்படாமல் நிலைத்திருந்தன. இது நல்ல எண். எலும்பு முறிந்து இம்மூட்டைப் பெற்றவர்களுக்கு இத்தனை நல்ல முடிவு கிட்டுவதில்லை. அதற்கு மருத்துவர்கள் கூறும் விளக்கம் கவனிக்கத் தக்கது. முடக்குவாத நோயாளிக்கு மற்ற மூட்டுகளும் பாதிக்கப்பட்டிருப்பதால் அவர் கடின வேலை செய்வதில்லை. எனவே செயற்கை மூட்டின் மீது பளு குறைவு. எனவே அது நீடிக்கிறது. மின்னெசோட்டா மாநிலத்தில், வீட்டுக்குள் குழாயும் துவைக்கும் இயந்திரமும் உள்ள நோயாளியின் நிலை அது. மதராசி கேம்ப்பிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்படும் வீட்டு வேலைக்காரிக்கு, மற்ற மூட்டுகள் வலித்தாலும் வேலை நிற்பதில்லை. விளக்கத்தின் அடிப்படையே அவரிடத்தில் பொய்த்துவிடுகிறது.

மருத்துவர் விதிக்கும் நிபந்தனை இதுதான். ஒரே தடவையில் சுமார் 5 கிலோவுக்கு மேல் அந்தக் கையால் தூக்கலாகாது. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் 1 கிலோவுக்கு மேல் ஆகாது. ஓராண்டு, ஈராண்டு அன்று, வாழ்நாள் முழுவதும்.

இது ஏன் என்பதை நெம்புகோல் கணக்கால் விளக்கலாம். முழங்கையை மடக்கும் தசை, மூட்டின் அச்சிலிருந்து நான்கு ஐந்து சென்டிமீட்டர் தூரத்திலேயே எலும்பைப் பற்றியிருக்கிறது. உள்ளங்கையோ முப்பது முப்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே முன்கையைக் கிடையாக வைத்து 1 கிலோவைத் தாங்கினால் தசை ஏறத்தாழ 7 கிலோ விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த விசை மூட்டின் மீதே போய் அழுத்துகிறது. இயற்கை மூட்டு இதைத் தாங்கும், தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும். பாலி எதிலீன் வளையத்துக்கு அந்த ஆற்றல் இல்லை.

2019இல் ஓர் அரசு மருத்துவமனையில் இந்த நிபந்தனையை மருத்துவர் இந்தியில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அம்மையார் சற்று நேரம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஒரு கொடம் தண்ணி எத்தன கிலோங்க, ஐயா?”

நான் முதுகலைப் பட்டம் பெற்றவன். உள்நாட்டு உற்பத்தியைப் பற்றி எத்தனையோ குறிப்புகள் தயாரித்திருக்கிறேன். அந்தக் கணக்கை அதுவரை போட்டுப் பார்த்ததில்லை. பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடம் பதினைந்து கிலோ. அனுமதித்த உச்ச அளவைப் போல் மூன்று மடங்கு. அவர் வீட்டுக்குள் குழாய் இல்லை. வெளியிலிருந்துதான் பிடித்து வர வேண்டும். அதற்குப் பின் நான்கு வீடுகளில் தரை துடைக்கும் வாளிகள், ஈரத் துணிகள், குக்கர்கள், இரும்புத் தோசைக் கற்கள். அன்று அவர் அறுவைக்குச் சம்மதிக்கவில்லை. அவருக்குப் பயம் என்று மருத்துவமனையில் குறித்துக்கொண்டார்கள். பயமன்று. நிபந்தனையைத் தம்மால் காக்க முடியாது என்று தெரிந்து, காக்க முடியாத வாக்கைக் கொடுக்க அவர் விரும்பவில்லை.

இந்த இடத்தில்தான் மருத்துவம் முடிந்து நம் துறை தொடங்குகிறது. செயற்கை மூட்டு ஒரு மூலதனப் பொருள். எந்த மூலதனத்துக்கும் தேய்மானம் உண்டு. தேய்மானத்தின் வேகம் பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்தது. ஒரு நீரேற்றுப் பொறியை வாங்குமுன் மின்சாரம் எப்படி, கிணற்றில் நீர் எப்படி என்று நாம் விசாரிக்கிறோம். மூட்டைப் பொருத்துமுன் நோயாளியின் வீட்டில் குழாய் இருக்கிறதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கருத்து. குழாய் இல்லை என்றால் அவரைத் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்புவதற்காகக் கேட்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அது ஏழைக்கு இரட்டைத் தண்டனை ஆகும். தண்ணீருக்கு என்ன ஏற்பாடு செய்யலாம், யார் தூக்குவார், எந்த வேலையை மாற்றிக் கொடுக்கலாம் என்று மருத்துவமனையின் சமூக சேவைப் பிரிவு அறுவைக்கு முன்பே அமர்ந்து பேசுவதற்காகக் கேட்கச் சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், குடிநீர் தம் வீட்டு வளாகத்துக்குள்ளேயே கிடைத்த குடும்பங்கள் 46.6 சதவிகிதமே. 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கியபோது 3.23 கோடிக் கிராமக் குடும்பங்களுக்குக் குழாய் இணைப்பு இருந்தது. அந்த எண்ணிக்கை பின்னர் 15 கோடியைக் கடந்தது. இந்த இயக்கத்தின் பயனை எழுதும்போது வயிற்றுப்போக்குக் குறைவையும் நேரச் சேமிப்பையும் கணக்கில் சேர்க்கிறோம். எத்தனை தோள்களும் முழங்கைகளும் முதுகெலும்புகளும் காப்பாற்றப்பட்டன என்பதற்கு நம்மிடம் ஒரு பத்தி இல்லை. அந்த இயக்கம் கிராமங்களுக்கானது. நகரத்துக் குடிசைப் பகுதிகளின் நிலை வேறு.

பலனைக் கணக்கிடும் முறையிலும் ஒரு குறை இருக்கிறது. அறுவையால் என்ன லாபம் என்று கேட்டால், இழந்த கூலி திரும்பக் கிடைப்பதை எழுதுகிறோம். 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் அவற்றில் செலவிடுகிறார்கள். அந்த 289 நிமிட உழைப்பு தேசிய வருமானத்தில் சேர்வதில்லை. ஆகவே அதைச் செய்யும் முழங்கைக்கு நம் ஏடுகளில் மதிப்பும் இல்லை. தன் கையால் சோறு உண்பதற்கும், தன் கூந்தலைத் தானே முடிந்து கொள்வதற்கும் எந்த விலைக் குறியீட்டெண்ணும் கிடையாது. நான் படித்த பொருளாதாரத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அது வெட்கப்பட வேண்டும்.

செலவைப் பற்றியும் சில சொற்கள். மத்திய அரசு 2017 ஆகஸ்டில் முழங்கால் மாற்று உறுப்புகளுக்கு உச்ச விலை விதித்தது. அந்த ஆணை முழங்காலுக்கு மட்டுமே. காரணம் எண்ணிக்கைதான். இங்கிலாந்தின் மூட்டுப் பதிவேட்டில் ஆண்டுக்குச் சுமார் ஓர் இலட்சம் முழங்கால் மாற்றுகள் பதிவாகின்றன என்றால், முழுமையான முழங்கை மாற்றுகள் சில நூறுதான். விற்பனை சிறிதாக இருக்கும் பொருளுக்குப் போட்டியும் சிறிது, விலையும் அதிகம். அரசு மருத்துவமனையில் அறுவைக்குக் கட்டணம் பெயரளவுக்கே என்றாலும் உறுப்பின் விலை நோயாளியின் தலையில் விழக் கூடும். என்னிடம் மத்திய அரசு சுகாதாரத் திட்ட அட்டை இருக்கிறது. வீட்டு வேலை செய்பவருக்கு அத்தகைய அட்டை இல்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. தில்லி அதில் சேர்ந்தது 2025 ஏப்ரலில்தான். குடும்பத்துக்கு 5 இலட்ச ரூபாயும், அதற்கு மேல் தில்லி அரசின் பங்காக மற்றொரு 5 இலட்சமும் உண்டு. அதற்குமுன் நோயுற்றவர்கள் தனித்தனி நிவாரண நிதிகளுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார்கள்.

எண்ணிக்கை குறைவு என்பதற்கு வேறொரு விளைவும் உண்டு. அரிதாகச் செய்யப்படும் அறுவையைச் சில மையங்களில் குவித்தால்தான் கைதேர்ந்த மருத்துவர் உருவாவார். அது நியாயமே. ஆனால் குவித்தால் தூரம் கூடும். முழங்கை மாற்றியவர் ஒரு தடவை வந்து போனால் தீராது. மூட்டு தளர்வதும் வளையம் தேய்வதும் வலி தோன்றுமுன்பே எக்ஸ்ரேயில் தெரியும். தொடக்கத்தில் கண்டால் வளையத்தை மட்டும் மாற்றிவிடலாம், தாமதித்தால் எலும்பே கரைந்து போயிருக்கும். ஆகவே காலாகாலத்தில் வந்து காட்டுவது சிகிச்சையின் ஒரு பகுதி. மதராசி கேம்ப்பில் இருந்தவர்களுக்கு அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் சப்தர்ஜங் மருத்துவமனையும் சில கிலோமீட்டர் தூரந்தான். நகரத்தின் ஏழைக்குக் கிட்டிய பெருஞ்சொத்து அந்த அருகாமை. நில மதிப்பைக் கணக்கிடுகிறவர்கள் அதை அவருடைய சொத்தாக எழுதுவதில்லை.

அம்மையாரின் கதையைத் தொடர்கிறேன். கொள்ளை நோய்க் காலம் கழிந்த பின் மகனுக்குத் திருமணமாயிற்று. மருமகள் தானாகவே, “தண்ணிய நான் பாத்துக்கறேன், அத்தே” என்று சொன்னாள். நான்கு வீட்டு வேலையில் இரண்டை அவள் எடுத்துக்கொண்டாள். மற்ற இரண்டு வீடுகளில் அம்மையார் சமையலுக்கு மாறினார். காய் நறுக்குவதும் சப்பாத்தி திரட்டுவதும் இடக்கைப் பழக்கத்தால் ஓரளவு முடிந்தது. உறுப்பின் விலையில் ஒரு பகுதி ஏழை நோயாளர் நிதியிலிருந்து வந்தது. மிச்சத்தை வேலை செய்த வீட்டுக்காரர்கள் நாங்கள் பகிர்ந்துகொண்டோம். 2022 தொடக்கத்தில் அறுவை நடந்தது. சுண்டு விரலில் சில மாதங்கள் மரமரப்பு இருந்து மறைந்தது. ஆறாவது வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல், என் மனைவியின் எதிரே நின்று இரு கைகளையும் உயர்த்திக் கூந்தலை முடிந்து காட்டினார்.

அறுவை வெற்றி பெற்றதற்கு அந்த மருத்துவரின் கைத்திறன் ஒரு காரணம். அந்த மருமகள் மற்றொரு காரணம். ஆனால் இதை ஒரு தீர்வாக நான் முன்வைக்க மாட்டேன். தண்ணீர்ச் சுமை நீங்கவில்லை. ஐம்பது வயது முழங்கையிலிருந்து இருபத்திரண்டு வயது முழங்கைக்கு மாறிற்று, அவ்வளவே.

மூன்றாண்டுகள் நன்றாகக் கழிந்தன. 2025 மே 9 அன்று தில்லி உயர் நீதிமன்றம் மதராசி கேம்ப்பை அகற்ற ஆணையிட்டது. பாராபுல்லா வடிகாலைத் தூர் வார வேண்டும், அடைப்பினால் மழைக் காலத்தில் வெள்ளம் சூழ்கிறது என்பது காரணம். அதை மறுப்பதற்கில்லை, வெள்ளம் வந்தால் முதலில் அவதிப்படுகிறவர்களும் தாழ்ந்த கரையில் வாழும் அந்த ஏழைகளே. மறுகுடியமர்த்தும் கொள்கையின்படி 370 வீடுகளில் முதலில் 189 குடும்பங்கள் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டன. அவர்களுக்கு நகரின் வடமேற்கு எல்லையில் உள்ள நரேலாவில் அடுக்கக வீடுகள் ஒதுக்கப்பட்டன. அங்கு வசதிகள் முழுமையாக இல்லை என்று பலர் செய்தியாளர்களிடம் கூறினர். ஜூன் 1ஆம் தேதி இயந்திரங்கள் வந்தன.

அதற்கு முந்தைய இரவு குடும்பங்கள் தங்கள் உடைமைகளை வெளியே எடுத்து வைத்தன. தகரப் பெட்டி, எரிவாயு உருளை, அரிசி மூட்டை, கட்டில். அம்மையாரின் கணவர் உயிரோடு இல்லை. மகன் வண்டி பேசப் போயிருந்தான். மருமகள் இடுப்பில் குழந்தை. அன்று இரவு அந்த வலது கை எதையெல்லாம் தூக்கியது, எத்தனை கிலோ என்று நான் பின்னர்க் கேட்டேன். “அன்னிக்கு யாருங்க கணக்குப் பாத்தா?” என்றார்.

அவர் குடும்பம் பட்டியலில் இருந்தது. நரேலாவில் வீடு கிடைத்தது. வீடு என்ற அளவில் அது பழைய வீட்டைவிடச் சிறந்தது என்பதை அவரே ஒப்புக் கொள்கிறார். சுவர் உண்டு, கழிப்பறை உண்டு. ஆனால் ஜங்புராவில் சமையல் வேலைக்கு நாள்தோறும் வந்து போக முடியவில்லை. இரண்டு வீட்டு வேலையும் போயிற்று. மருத்துவமனைக்கு வர இப்போது அரை நாள் பிரயாணம். மறுகுடியமர்த்தல் பற்றிய கோப்பில் குடும்பத் தலைவரின் பெயர், ஆதார் எண், வாக்காளர் பட்டியல் ஆண்டு எல்லாம் இருக்கும். தொடர் சிகிச்சையில் உள்ளவர் எவர், எந்த மருத்துவமனை, புது இடத்துக்கு அருகில் அதைத் தொடர யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு ஒரு கட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மாணவர்களாகிய உங்களில் சிலர் நாளை இத்தகைய படிவங்களைத் தயாரிக்கும் இடத்துக்கு வருவீர்கள். அந்தக் கட்டத்தைச் சேர்ப்பதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது. ஒரு சுற்றறிக்கை போதும்.

2025இல் காட்ட வேண்டிய எக்ஸ்ரே தவறிவிட்டது. சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார். கையை நீட்டும்போது உள்ளே ஏதோ ‘டக்’ என்று ஓசை கேட்கிறதாம், வலி இல்லையாம். குழாயில் நேரம் பார்த்துத் தண்ணீர் வருகிறது, பெரிய வாளி இரண்டில் பிடித்து வைக்கிறார்கள், தூக்குவது மருமகள்தான் என்று நான் கேட்காமலே சொன்னார். வருகிற வியாழக்கிழமை காலை வெளிநோயாளர் பிரிவில் அவரைச் சந்திப்பதாக நாள் குறித்திருக்கிறேன். அன்று அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புக் கொடுத்தாயிற்று.